பூஜைக்குச் சேர்த்த இரண்டு சொற்கள்

அந்தத் தாளில் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. 'பழைய புரோகிராமைப் பற்றி நான் எழுதிக்கொடுத்த விளக்கம் தவறானது.' அதற்குக் கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே என் பெயர், கலைச்செல்வி.

விக்னேஷ் தாளை என் பக்கம் தள்ளி, அதன்மேல் பேனாவையும் வைத்தார். விக்னேஷ் என் மேனேஜர். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். நல்ல மனுஷன்தான், ஆனால் மேலிடத்திலிருந்து போன் வந்தால் காது சிவந்துவிடும். அன்று காலை இரண்டு காதும் சிவந்திருந்தன.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் ஆபீஸ் நான்காவது மாடியில் இருக்கிறது. பக்கத்துக் கட்டடம் ஒரு பிரஸ் ஷாப். நாளெல்லாம் தகடு அடிக்கும் சத்தம் தரை வழியாக வந்து நாற்காலியில் ஏறும். வருஷக்கணக்கில் பழகிப்போன சத்தம்தான். அன்று மட்டும் ஒவ்வொரு அடியும் என் பல்லில் விழுந்தது.

"மேடம், இது ஜஸ்ட் ஒரு ஃபார்மாலிட்டி. நீங்க சைன் பண்ணிட்டா புது சிஸ்டத்துல அந்த லீவு லாஜிக்கைத் தூக்கிடலாம். ரெண்டு லிஸ்டும் மேட்ச் ஆயிடும். கிளையன்ட் ஹாப்பி. நாம பதினோரு பேரும் சேஃப்."

"நான் எழுதினது சரி, விக்னேஷ்."

"அப்ப பழைய மெஷின் தப்பா? இருபது வருஷத்துக்கு மேல ஓடிட்டிருக்கு மேடம். அது தப்புன்னு சொன்னா யாராவது நம்புவாங்களா?"

வெள்ளிக்கிழமை வரை டைம் கொடுங்கள் என்றேன். அன்று செவ்வாய். பேனாவை மூடி அவர் பக்கமே தள்ளிவிட்டு எழுந்து வந்தேன்.

ஆபீஸில் என்னதான் வேலை?

இந்தத் தொடரில் ஆவடி குவார்ட்டர்ஸ், ஃபேக்டரி சங்கு, அப்பாவின் சைக்கிள் என்றெல்லாம் எழுதி வந்தேன். திருமுல்லைவாயலிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார்: 'எல்லாம் சரி, ஆபீஸில் நீங்கள் என்ன வேலைதான் செய்கிறீர்கள்?' என் மாமியாரும் கல்யாணமான நாளிலிருந்து இதையேதான் கேட்கிறார். இருவருக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

கடல் தாண்டி, குளிர் அதிகமான ஒரு ஊரில், லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்று இருக்கிறது. எந்தக் கட்டடத்து லிஃப்டை எந்தத் தேதியில் போய்ச் சோதிக்க வேண்டும் என்று மெக்கானிக்குகளுக்கு தினமும் ஒரு லிஸ்ட் போக வேண்டும். லிஸ்டைப் போட்டுத் தருவது ஒரு புரோகிராம். அது ஓடுவது அந்த ஊரில் இருக்கும் மெயின்ஃப்ரேம் என்னும் பெரிய மெஷினில். அதை இங்கிருந்து கவனித்துக்கொள்வது நாங்கள். நம் நேரப்படி மத்தியானம் மூன்று மணிக்கு அது ஓடும். இவ்வளவுதான் என் வேலை. இருபத்தைந்து வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக இதையே செய்கிறேன்.

இப்போது அவர்கள் அந்தப் பெரிய மெஷினை மூடிவிட்டுப் புது சிஸ்டத்துக்குப் போக முடிவு செய்தார்கள். பழைய புரோகிராம் என்ன செய்கிறது என்று வரி வரியாகப் படித்து விளக்கம் எழுதிக்கொடுத்தவள் நான். அதைப் பார்த்துத்தான் புது சிஸ்டத்தை எங்கள் டீம் கட்டியது. பழைய லிஸ்டும் புது லிஸ்டும் ஒரே மாதிரி வந்தால் எங்களுக்கு வெற்றி.

வரவில்லை. ஐந்து மாதமாக வரவில்லை.

ஒப்பிட்டுப் பார்ப்பது ஃபாத்திமாவின் வேலை. பட்டாபிராமிலிருந்து ரயிலில் வருபவள். தினமும் மூன்றரை மணிக்கு என் மேஜைக்கு வந்து, "இன்னிக்கும் உதைக்குது அக்கா" என்பாள். உதைத்ததெல்லாம் ஒரே இடத்தில்தான். சோதனைத் தேதி விடுமுறை நாளில் விழுந்தால் அதை அடுத்த வேலை நாளுக்குத் தள்ள வேண்டும் என்பது விதி. புது சிஸ்டம் தள்ளியது. பழைய மெஷின் தள்ளவில்லை. பழைய புரோகிராமில் தள்ளும் பகுதி கண்ணெதிரே எழுதியிருந்தது, ஆனாலும் தள்ளவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் இரண்டும் ஒத்துவராவிட்டால் வேலையை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிடுவோம் என்று அங்கிருந்த டைரக்டர் சொல்லிவிட்டார். பதினோரு பேர் நடுத்தெருவுக்கு வருவோம். அதைத் தவிர்க்க ஒரு வழி இருந்தது. சரியாக இருப்பதைத் தப்பாக மாற்றி, அந்தத் தப்புக்கு நான் கையெழுத்துப் போட வேண்டும்.

எனக்கு அழுகை வரவில்லை. பயங்கரமாகக் கோபம் வந்தது.

வானகரம் சிக்னலில்

மறுநாள் காலை என் வீட்டுக்காரரின் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். அவர் பெயர் முருகேசன். எஸ்டேட்டிலேயே ஒரு டூல்ரூமில் லேத் ஓட்டுகிறார். பூந்தமல்லியில் பிறந்து வளர்ந்தவர். அந்த ஊர்த் தமிழை என்னோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதவர். மெட்ரோ தூண்களுக்கு நடுவே நெளிந்து நெளிந்து வந்து, வானகரம் சிக்னலில் ஒரு தண்ணி லாரிக்குப் பின்னால் நின்றோம்.

"இன்னா கலா, நேத்துலேர்ந்து மூஞ்ச தூக்கி வச்சிகினு கீற?"

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் திரும்பாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"புரோகிராம நல்லா பாத்தியா?"

"அஞ்சு மாசமா வரிக்கு வரி பாத்தாச்சுங்க. அதுல ஒரு தப்பும் இல்ல."

"பீஸுல தப்பு இல்லன்னா சக்க பாரு. எங்க கடையில புச்சா வர்றவன்லாம் பீஸையே அளந்துகினு இருப்பான். பீஸு ஷோக்கா கீது. புட்ச்சி மாட்டுனதுலதான் கோணல் கீது."

சக் என்பது லேத்தில் இரும்புத் துண்டைக் கவ்விப் பிடிக்கும் பகுதி. துண்டு சரியாக இருந்தும் அதைக் கோணலாக மாட்டினால் கடைசலும் கோணலாகத்தான் வரும். இதை அவர் வாயால் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், அன்றுதான் காதில் ஏறியது. பச்சை விழுந்து பின்னாலிருந்த பஸ் ஹாரன் அடித்தபோது அவர் முதுகில் பட்டென்று ஒரு தட்டு தட்டினேன்.

"இன்னாடீ?"

"சீக்கிரம் போங்க!"

நாங்கள் எல்லோரும் புரோகிராமைத்தான் பார்த்தோம். புரோகிராமை மெஷினில் மாட்டுகிற வரியை ஒருத்தரும் திறந்து பார்க்கவில்லை.

வேனில் ஆள் எண்ணுபவர்

அந்த வேலையைச் செய்வதற்கு லோடர் என்று ஒன்று உண்டு. பயந்துவிடாதீர்கள், எளிதுதான்.

நம் புரோகிராம் ஒரே துண்டாக இருக்காது. கணக்குப் போடும் துண்டு, அச்சிடும் துண்டு, விடுமுறை பார்க்கும் துண்டு என்று தனித்தனியாக, மெஷினுக்குள்ளேயே 'நூலகம்' என்னும் அடுக்குகளில் இருக்கும். ஓட வேண்டிய நேரத்தில் லோடர் அவற்றையெல்லாம் தேடிக் கொண்டுவந்து, இடம் பார்த்து உட்காரவைத்து, ஒன்றுக்கு இன்னொன்றின் இருப்பிடத்தைச் சொல்லி, பிறகு புரோகிராமைக் கிளப்பும். கோயில் சுற்றுலாவுக்கு வேன் எடுக்கும்போது வாசலில் நின்று ஆள் எண்ணுகிறாரே ஒருவர், அவர்தான் லோடர். ஒரு ஆள் குறைந்தால் வண்டி நகராது.

அவரிடம் சில கட்டளைகள் சொல்லலாம். எல்லாம் ஒரே வரியில், கமா போட்டு எழுதும் குட்டிக் குட்டிச் சொற்கள். 'மேப்' என்று எழுதினால், யார் யார் எந்த சீட்டில் என்று எழுதிக் காட்டுவார். 'லெட்' என்று எழுதினால், ஆள் குறைந்தாலும் வண்டியை எடுத்துவிடுவார். 'நோபிரிண்ட்' என்று எழுதினால், யார் வரவில்லை என்பதை யாரிடமும் சொல்லமாட்டார்.

கடைசி இரண்டையும் சேர்த்து எழுதினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பாட்டியைக் கோயிலிலேயே விட்டுவிட்டு வேன் ஜம்மென்று ஊர் வந்து சேரும். யாரும் தேடவும் மாட்டார்கள்.

அன்று காலை, வருஷக்கணக்கில் யாரும் திறக்காத அந்த வரியைத் திறந்தேன். இரண்டு சொற்கள் இருந்தன. லெட், நோபிரிண்ட்.

தனசேகர் அண்ணனின் பிரிண்டர்

பார்த்த உடனே எனக்குச் சந்தன வாசனை வந்தது. பொய் சொல்லவில்லை, மூக்கிலேயே வந்தது.

அப்போதெல்லாம் எங்கள் ஆபீஸ் இந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் இல்லை. எஸ்டேட்டில் ஒரு போல்ட்-நட் கடைக்கு மேலே இரண்டு அறை. பீரோ அளவுக்கு ஒரு பிரிண்டர். லோடர் என்ன சொல்கிறதோ அதெல்லாம் அதில்தான் கடகடவென்று அச்சாகி வரும். அதை ஓட்டியவர் தனசேகர் அண்ணன். கரையான்சாவடிக்காரர். அந்த பிரிண்டரை அவரைத் தவிர யாரும் தொட முடியாது.

எஸ்டேட்டில் ஆயுத பூஜை என்றால் தீபாவளியைவிடப் பெரிய விஷயம். லேத்துக்கு மாலை, வெல்டிங் மெஷினுக்கு மாலை, லாரிக்கு வாழைக்கன்று, வாசலில் பூசணிக்காய். எங்கள் கீபோர்டுகளுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு பிடி பொரி. பூஜை போட்ட ஆயுதத்தை மறுநாள் விஜயதசமி காலையில்தான் எடுக்க வேண்டும். ஆனால் கடல் தாண்டி இருப்பவர்களுக்கு அது வெறும் வேலை நாள். அவர்களுக்கு லிஸ்ட் போயாக வேண்டும்.

முதல் வருஷம் யாரோ, "பிரிண்டர மட்டும் ஓட்டிக்கலாமே அண்ணே" என்றாராம். தனசேகர் அண்ணன் பிளக்கைப் பிடுங்கி வயரைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, "பொட்டு வச்ச மெஷின ஓட்ட சொல்றியா? உங்க ஊட்ல படுத்துகினு கீற சாமிய எய்ப்பி வேல வாங்குவியா நைனா?" என்று கேட்டாராம். அதற்குமேல் யார் பேசுவது?

அப்போது பிறந்ததுதான் பூஜை வரி. பிரிண்டர் ஓய்வில் இருப்பதால் நோபிரிண்ட். சின்னத் தப்புக்காக நடுவில் நின்றுபோனால் பொட்டு வைத்த கீபோர்டை யாரும் தொட முடியாது, அதனால் லெட். பூஜை அன்று பொட்டு வைப்பதற்கு முன் இரண்டு சொற்களையும் சேர்ப்போம். விஜயதசமி காலையில் எடுத்துவிடுவோம். அந்த ஒரு நாள் மட்டும் மெஷின் கேள்வி கேட்காமல் ஓடும். கிளையன்டுக்கு இது தெரியாது. எந்தக் குறிப்பிலும் இதை எழுதவும் இல்லை.

இதற்கு ஒரு முறையும் வைத்திருந்தார் அண்ணன். யார் மெஷினுக்குப் பொட்டு வைக்கிறாரோ அவர்தான் வரியைச் சேர்க்க வேண்டும், தன் முதலெழுத்துகளை மேலே குறிப்பாகப் போட வேண்டும், மறுநாள் அவரே வந்து எடுக்க வேண்டும். "வச்ச கைதான் எடுக்கணும். அப்பால யாரும் யார் மேலயும் பயி போடக் கூடாது" என்பார்.

திரையில் அந்த இரண்டு சொற்களுக்கு மேலே முதலெழுத்துகள் இருந்தன. ஃபாத்திமா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"கே.எஸ்.னு போட்டிருக்கு. யாருக்கா அது?"

"தெரியலம்மா" என்றேன்.

அது நான்.

மாங்காட்டில் ஒரு விஜயதசமி

அந்த வருஷம் பொட்டு வைக்கும் முறை என்னுடையது. சேலை கசங்காமல் எல்லா மெஷினுக்கும் வைத்தேன். வரியை அதற்கு முன்பே சேர்த்திருந்தேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்து எடுத்துவிடுகிறேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

வீட்டுக்குப் போனால் அப்பா வேறு ஏற்பாட்டில் இருந்தார். விஜயதசமி நல்ல நாள், மாங்காட்டு அம்மன் கோயிலில் வைத்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்களாம். பத்து மணிக்குள் முடிந்துவிடும், அங்கிருந்து நீ ஆபீஸுக்குப் பஸ் ஏறிக்கொள் என்றார். சரி என்றேன்.

கோயிலில் ஒரு தூண் ஓரமாக எங்கள் இரண்டு பேரையும் பேசச் சொல்லிவிட்டு, பெரியவர்கள் பிரகாரத்தில் நின்றுகொண்டார்கள். மாப்பிள்ளை ஐந்து நிமிஷம் என் கால் கட்டைவிரலையே பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க ஆபீஸ்ல இன்னா மெஷின் கீது?"

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. நான் ஆரம்பித்தேன். மெஷின், துண்டுகள், நூலகம், லோடர், வேனில் ஆள் எண்ணுவது வரை எல்லாம் சொன்னேன். அவரும் சளைக்காமல் குறுக்கே கேள்வி கேட்டார். அம்மா இரண்டு முறை வந்து முறைத்துவிட்டுப் போனாள். பேசி முடித்தபோது கோயில் நடை சாத்தும் நேரம். எல்லோரும் அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே நாள் குறித்து, நான் வீட்டுக்கு வந்து மல்லாந்து படுத்து உத்தரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அதாவது, லோடரைப் பற்றி வாய் ஓயாமல் பேசிய அந்த நாளில்தான் லோடரில் சேர்த்த வரியை எடுக்க மறந்தேன். இதை யாரிடம் சொல்லி அழுவது?

மறுநாளும் ஞாபகம் வரவில்லை. அதற்கடுத்த மாதம் ஆபீஸ் இடம் மாறியது. பிரிண்டரைக் கழித்துக் கட்டினார்கள், அண்ணன் வேறு வேலைக்குப் போனார், பூஜை வரியும் அதோடு நின்றது. லிஸ்ட் தினமும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஓடுகிற வண்டியை யார் திறந்து பார்ப்பார்கள்?

ஒரு வரி மேலே

புதன், வியாழன் இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் சந்தேகம் சரியா என்றே தெரியாது. வண்டி ஆளை விட்டுவிட்டுத்தான் போகிறது என்று நினைத்தேன், ஆனால் எந்த ஆளை என்று கண்ணால் பார்க்கவில்லை. பார்க்க வேண்டுமென்றால் அந்த வரியை மாற்றி ஓட்ட வேண்டும். மாற்ற கிளையன்ட் அனுமதிக்க வேண்டும்.

சரியாக இருந்தால் பதினோரு பேரும் பிழைப்போம். ஆனால் யார் இதைச் செய்தது என்று கேட்பார்கள். வருஷக்கணக்கில் தப்பு லிஸ்ட் போனதற்குக் காரணம் நான் என்று தெரிந்தால் என் வேலை என்ன ஆகும்? குறிப்பு வரியைக் காட்டாமல் இருந்துவிடலாம். திரையை ஒரே ஒரு வரி கீழே நகர்த்தி நிறுத்தினால் போதும், என் முதலெழுத்துகள் மேலே மறைந்துவிடும். இந்த யோசனை எனக்கு வந்தது. ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டரைக்கு மீட்டிங். பெரிய திரையில் அந்த ஊர் டைரக்டர். அவர் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி, பெயர் மார்கிட். தினமும் நம் லிஸ்டை வாங்கி மெக்கானிக்குகளுக்குப் பிரித்துக் கொடுப்பவர். இந்தப் பக்கம் நாங்கள் பதினோரு பேர். விக்னேஷின் ஃபைலில் அந்தத் தாள்.

"மூன்று மணி ஓட்டத்துக்கு முன்னால் லோடர் வரியில் இரண்டு சொற்களை எடுக்க அனுமதி வேண்டும்" என்று இங்கிலீஷில் கேட்டேன். டைரக்டர் ஏன் என்றார். ஓட்டிக் காட்டிவிட்டுச் சொல்கிறேன் என்றேன். தோளைக் குலுக்கிச் சரி என்றார்.

லெட்டை எடுத்தேன். நோபிரிண்டை எடுத்தேன். மேப் என்று சேர்த்தேன்.

மூன்று மணி. திரையில் எழுத்துகள் ஓடின. சடாரென்று நின்றன.

"மேடம், நின்னுடுச்சு!" விக்னேஷ் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "மேடம், லைவ் ஜாப் நின்னுடுச்சு!"

"நிக்கணும்னுதான் பண்ணேன். உக்காருங்க."

லோடர் இத்தனை வருஷம் கழித்து வாயைத் திறந்தது. வந்தவர்கள் பட்டியல் வரிசையாக இறங்கியது. அதன் கடைசியில் வராத ஒரே ஒரு ஆளின் பெயர். ஃபாத்திமாதான் சத்தமாகப் படித்தாள்.

"லீவு பாக்குற துண்டு! அக்கா, அந்தத் துண்டு உள்ளயே வரலக்கா!"

டைரக்டர் யாரையோ கூப்பிட்டார். அவர் பழைய பதிவுகளைத் தேடிப் பார்த்துச் சொன்னார்: விடுமுறைத் துண்டை முன்பு ஒருமுறை வேறு நூலகத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். தேதியைப் பார்த்தால் நான் மாங்காட்டில் தூண் ஓரம் நின்றிருந்த அதே வாரம். அன்றைக்கு லெட் இல்லாமல் இருந்திருந்தால் மெஷின் அப்போதே நின்றிருக்கும், பத்து நிமிஷத்தில் சரிசெய்திருப்போம். அந்தத் துண்டு வராவிட்டால் தாண்டிப் போ என்று புரோகிராமுக்குள்ளேயே ஒரு முன்ஜாக்கிரதைக்காரர் எழுதி வைத்திருந்தார். அதனால் எதுவும் உடையாமல் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

புது நூலகத்தின் பெயரை வரியில் சேர்த்தேன். மறுபடி ஓட்டினேன். லிஸ்ட் வந்தது. ஃபாத்திமா ஒப்பிட்டாள். மற்ற பத்துப் பேரும் அவள் முகத்தையே பார்த்தோம்.

"பூஜ்யம்" என்றாள். பிறகு கத்தினாள். "வித்தியாசம் பூஜ்யம் அக்கா! ஒண்ணுகூட உதைக்கல!"

அதற்குப் பிறகு அந்த அறையில் யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. விக்னேஷ் மேஜையைத் தட்டிய தட்டில் தண்ணீர் பாட்டில் உருண்டு விழுந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், என் பிள்ளை ஸ்கூலில் முதல் பரிசு வாங்கிய நாளில்கூட வராத சந்தோஷம். நான் எழுதியது சரி. ஒவ்வொரு வரியும் சரி.

சத்தம் அடங்கியதும் டைரக்டர் கேட்டார், நான் எதிர்பார்த்த கேள்வியைத்தான். "அந்த இரண்டு சொற்களைச் சேர்த்தது யார்?"

பிரஸ் ஷாப் சத்தம் மறுபடி கேட்டது. கையை மவுஸில் வைத்தேன். திரையில் ஒரு வரி மேலே போனேன்.

"கே.எஸ். என்பது நான்தான்" என்றேன். பூஜை, பொட்டு, பிரிண்டர், மாங்காடு, மாப்பிள்ளை என்று ஒன்று விடாமல் சொன்னேன். "தெரியலம்மான்னு உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்" என்று ஃபாத்திமாவைப் பார்த்துத் தமிழில் தனியாகச் சொன்னேன்.

முதலில் சிரித்தது மார்கிட்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். மேஜையிலிருந்து ஒரு லிஸ்டை எடுத்து எங்களுக்குக் காட்டினார். விடுமுறை நாளில் விழுந்த தேதிகளையெல்லாம் பென்சிலால் அடித்து, பக்கத்தில் அடுத்த தேதி எழுதியிருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படித்தான் செய்கிறாராம். முன்னால் இருந்தவர் அப்படிச் சொல்லிக்கொடுத்தாராம், மெஷினுக்கு விடுமுறை தெரியாது, நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. அதனால் எந்த மெக்கானிக்கும் விடுமுறை நாளில் போய் நின்றதில்லை. எந்த லிஃப்டும் சோதனை தவறியதில்லை. அதைக் கேட்டதும்தான் மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

டைரக்டர் சிரிக்கவில்லை. "வேறு எந்த வரியிலாவது இந்த இரண்டு சொற்கள் இருக்கின்றனவா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லை. எல்லாவற்றையும் நேற்றே பார்த்துவிட்டேன்."

"அப்படியென்றால் புது சிஸ்டம் உங்கள் விளக்கத்தில் உள்ளபடியே இருக்கட்டும். வேலையும் உங்களிடமே இருக்கட்டும்" என்றார்.

விக்னேஷ் ஃபைலிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் கிழிக்கப் போனார். நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். அச்சிட்டிருந்த வாக்கியத்தை அடித்துவிட்டுக் கீழே எழுதினேன். 'என் விளக்கம் சரி. அந்த இரண்டு சொற்களைச் சேர்த்து எடுக்க மறந்ததும் நான்தான்.' கோட்டின் மேல் நன்றாகக் கையெழுத்துப் போட்டு அவரிடமே கொடுத்தேன். அவர் காது சாதாரண நிறத்தில் இருந்தது.

சாயங்காலம் ஸ்கூட்டரில் ஏறியதும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் காரணம், அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் நான் ஆபீஸுக்குப் போயிருப்பேன் என்று.

"மெய்யாலுமே சொல்லட்டா கலா? அன்னிக்கு எனக்கு ஒண்ணுமே பிரியல" என்றார். "நீ பேசுறது ஷோக்கா இருந்துச்சி. அதான் கேட்டுகினே இருந்தேன்."

பென்சில்

இந்த வருஷ ஆயுத பூஜை போன மாதம் வந்தது. பழைய மெஷினை இன்னும் மூடவில்லை. புது சிஸ்டத்துக்குத் துணையாக ஓடிக்கொண்டிருக்கிறது. நான் டைரக்டருக்கு ஒரு கடிதம் எழுதினேன். எங்கள் ஊரில் இது கருவிகளுக்கு ஓய்வு கொடுக்கும் நாள், பழைய மெஷினை அன்று ஒருநாள் நிறுத்தி வைக்கலாமா என்று. ஒரே வரியில் பதில் வந்தது, நிறுத்துங்கள் என்று. இத்தனை வருஷத்தில் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் எனக்கு ஒரு பார்சல் வந்திருந்தது. மார்கிட் அனுப்பியது. உள்ளே ஒரு பென்சில். விரல் நீளம்தான் இருக்கும், பின்பக்கம் பல்லால் கடித்த தடம். கூட ஒரு சின்னச் சீட்டு: 'இது எனக்கு இனித் தேவைப்படாது.'

லேப்டாப்புகள், கீபோர்டுகள், ஃபாத்திமா கொண்டுவந்த அவள் அப்பாவின் தையல் கத்தரிக்கோல், எல்லாவற்றோடும் பென்சிலையும் தட்டில் வைத்தேன். சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்தேன்.

மறுநாள் விஜயதசமி காலை எட்டு மணிக்கு ஆபீஸில் இருந்தேன். வைத்த கைதான் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்து, துடைத்து, அவரவர் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன்.

பென்சிலை மட்டும் எடுக்கவில்லை. அது இன்னும் பொட்டோடு அங்கேதான் இருக்கிறது.